வானின் தண்ணீர் எங்கே போகிறது?

என் வானில் பதினான்கு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். மாதம் முடிய அவர்களுடைய பெற்றோர் தரும் பணத்தில்தான் லீசிங் கட்டுகிறேன். வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. ஆகவே றேடியேற்றர் தண்ணீர் குறைந்தால் எரிகிற அந்தச் சிவப்பு விளக்கு எனக்குச் சின்ன விடயம் அல்ல. தண்ணீர் இல்லாமல் ஓடினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி, அதன் மேற்பகுதியான 'ஹெட்' வளைந்துவிடும். பிறகு வானை விற்றாலும் கடன் தீராது.

விளக்கு எரிந்ததும் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சூடு காட்டும் முள் நடுவில்தான் நின்றது. அதைப் பார்த்து ஆறுதல் அடைய முடியாது, சகோதரிகளே. தண்ணீர் வற்றி, சூட்டை அளக்கும் கருவி காற்றில் நின்றால் முள் சரியான சூட்டைக் காட்டாது. நன்றாக ஆறும்வரை காத்திருந்து, தாங்கியில் தண்ணீர் நிரப்பி, மெதுவாகக் கராஜுக்குக் கொண்டு போனேன்.

எங்கள் வானில் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அந்த இருக்கையைக்கூட அவர்கள் தூக்கிப் பார்க்கவில்லை. "ஹெட் கஸ்கற் போயிட்டுது அக்கா, எஞ்சின் இறக்க வேணும். உங்களுக்குச் சொன்னா விளங்காது. வீட்டில ஆம்பிளையள் ஆரும் இருந்தா வரச் சொல்லுங்கோ" என்றார் அங்கிருந்தவர். வீட்டில் நானும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். அவர் கேட்ட தொகையோ என் மூன்று மாத உழைப்பு. "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று சொல்லி வானை எடுத்து வந்தேன்.

பக்கத்து வளவில் முந்தி லொறி ஓடிய ஐயா ஒருவர் இருக்கிறார். இப்போது கண் பார்வை குறைவு. "நான் கேட்கிறன், நீ பாத்துச் சொல்லு பிள்ளை" என்று அடுத்த நாள் விடிய, எஞ்சின் குளிர்ந்திருந்த நேரம், வானுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டார்.

ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போல வெள்ளையாக ஏதும் ஒட்டியிருக்கிறதா? இல்லை. ஒயில் அளக்கும் கம்பியில்? அதிலும் இல்லை. றேடியேற்றர் மூடியைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டால் குமிழிகள் விடாமல் வருகின்றனவா? வரவில்லை. சைலன்சரில் இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை? அதுவும் இல்லை. "அப்ப கஸ்கற் எண்டு எப்பிடி முடிவெடுத்தவங்கள்?" என்று கேட்டுவிட்டு, மூடியைத் தன் கையில் வாங்கி றப்பரைத் தடவிப் பார்த்தார்.

இந்த மூடியை வெறும் மூடி என்று நினைக்கக் கூடாது. பிறஷர் குக்கர் போல அது உள்ளே அமுக்கத்தைப் பிடித்து வைக்கிறது. சாதாரணமாக 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 0.9 என்று போட்ட மூடிக்குள் ஏறத்தாழ 120 பாகைவரை கொதிக்காமல் நிற்கும். ஆகவே சூடாக இருக்கும்போது திறந்தால் முகத்தில் அடிக்கும். புது மூடி வாங்கினால் பழையதில் இருந்த இலக்கமே வேண்டும். என் மூடியின் றப்பர் பழுதில்லை.

இரவு வானுக்குக் கீழே பழைய காட்போட் மட்டை விரித்து வைத்திருந்தேன். அதில் ஒரு சொட்டும் இல்லை. எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. ஐயா சொன்னார்: "ஓடேக்க அமுக்கத்தில பீச்சும், சூட்டில காய்ஞ்சிடும். ஆறினாப் பிறகு வராது. நிலத்தைப் பாக்காதை, காய்ஞ்ச கறையைத் தேடு."

இருக்கையைத் தூக்கி, ரோச் அடித்து ஒவ்வொரு றப்பர் குழாயாகப் பார்த்தேன். இந்த வான்கள் யப்பானின் பனிக்காகச் செய்யப்பட்டவை. பின்னால் இருப்பவர்களுக்கும் ஹீற்றர் உண்டு. எங்கள் வெயிலுக்கு யார் அதைப் போடுவது! ஆனால் அதற்குப் போகும் குழாய்களில் எஞ்சினின் தண்ணீர் நிற்கிறது. அதில் ஒன்றின் நுனியில், கேத்தலின் அடியில் படிவது போலப் பச்சை கலந்த வெள்ளைக் கறை. கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. றப்பர் நுனியும் வெடித்திருந்தது.

குழாய் கொஞ்சம் நீளமாகவே இருந்ததால் வெடித்த ஒரு அங்குலத்தை வெட்டிவிட்டு, புதுக் கிளிப் போட்டு ஸ்குறூ றைவரால் இறுக்கினேன். கிளிப்பின் விலை ஒரு இறாத்தல் பாணின் விலைக்குக் கிட்ட வரும்.

அதன் பிறகுதான் பொறுமை வேண்டும். உள்ளே காற்று அடைபட்டால் தண்ணீர் சுற்றாது. வானின் முன்பக்கம் உயர இருக்கும்படி மேட்டில் நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் திருப்பி, மூடி திறந்தபடி எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலிருந்து ஓடவிட்டு, குமிழி அடங்க அடங்க மெதுவாக ஊற்றினேன்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்தலுக்கு அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரியும். றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்கும் அதையே செய்யும். பற்றரிக்கு ஊற்றும் வடிதண்ணீரும் கூலன்றும் பாதிக்குப் பாதி கலந்தேன். கூலன்ற் துருவையும் தடுக்கும். ஆனால் அதில் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் இருப்பதால் அது இனிக்கும், நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். சிந்தினால் உடனே கழுவுங்கள். பிள்ளைகளும் நாய்களும் வாயில் வைத்துவிடும்.

பிறகு நான்கு நாட்கள் விடிய விடியத் தாங்கியைப் பார்த்தேன். தண்ணீர் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அப்படியே நின்றது. ஐந்தாம் நாள் ஐயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "குறைஞ்சதோ பிள்ளை?" என்று கேட்டார். "இல்லை ஐயா" என்று சொல்லி, பிள்ளைகளை ஏற்றப் போனேன்.