சில்லுக்கு முன்னர் கால்

ஓர் ஊரை அறிய விரும்புவோர் முதலில் அதன் தெருக்களிலே நடந்து பார்த்தல் வேண்டும். வாகனத்திற் செல்வோருக்கு ஊர் யன்னலுக்கு வெளியே ஓடி மறையும் காட்சியே. நடப்போருக்கோ மேடும் பள்ளமும், நிழலும் வெயிலும், எதிர்ப்படும் மனிதரின் முகங்களும் ஒவ்வொன்றாகப் புலப்படும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் வாழும் எமக்கு இது மிகப் பொருந்தும். 1960களில் எழுப்பப்பட்ட 19 மாடிக் கட்டிடங்கள் கனடிய நகரங்களின் பெயர்களைத் தாங்கி இங்கே நெருங்கி நிற்கின்றன. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் தாயகம் விட்டு வந்த எம்மவர் பலருக்கு இவையே முதற் புகலிடமாயின. மின்தூக்கியில் இறங்கி, ஷேர்போண் நிலையத்திற் சுரங்க ரயிலேறி, வேலைத்தலம் சென்று, இரவில் அதே வழியால் திரும்பும் வாழ்க்கையில், நிலத்தின் மேலுள்ள ஊரைக் காண எமக்கு நேரம் வாய்க்கவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் எமது கட்டிடத்துப் பிள்ளைகள் ஒரு விருப்பத்தைத் தெரிவித்தனர். துவிச்சக்கர வண்டியில் ஒன்ராறியோ ஏரிக்கரை வரை செல்ல வேண்டுமாம்! தந்தையர் உடனே இசைந்தனர். 1990இல் வட பகுதிக்கு எரிபொருள் தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எம்மைத் தாங்கியது இவ்வண்டியல்லவா? நோயாளியையும் விறகையும் அதிலேதான் ஏற்றினோம். மின்சாரமற்ற இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலியிற் செய்தி கேட்டோம். "அங்கே ஓடியவர்களுக்கு இங்கே என்ன பயம்?" என்றார் ஒருவர். "அங்கே ஷெல்லுக்குப் பயந்து வாழ்ந்தம். தப்பி வந்த பிள்ளையளை இங்கை காருக்குக் குடுக்கவோ?" என்றார் ஒரு தாய். அக்கேள்விக்கு எவராலும் மறுமொழி கூற இயலவில்லை. ஆகவே முதலில் வழியை நடந்து பார்ப்பது, முடிவை அதன் பின்னர் எடுப்பது எனத் தீர்மானித்தோம்.

தமிழ்ப் பாடசாலை சனிக்கிழமையாதலால் ஞாயிறு காலை புறப்பட்டோம். வெலஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கும் இடத்திலேயே முதற் பாடம் கிடைத்தது. இலங்கையில் வாகனங்கள் இடப்புறம் செல்வன. வீதியைக் கடக்கையில் எமது கழுத்து தானாகவே வலப்புறம் திரும்பும். இங்கோ வாகனங்கள் வலப்புறம் செல்வதால் அண்மையில் வருவது இடப்புறமிருந்தே வரும். ஊரில் ஆண்டுக்கணக்காக வண்டியோட்டிய தந்தையரிலும் பார்க்க, இங்கே பிறந்த பிள்ளைகள் இதனை இயல்பாக அறிந்திருந்தனர்.

பார்லிமென்ற் வீதியோரம் கார்கள் வரிசையாக நின்றன. அவற்றின் கதவு திடீரெனத் திறந்தால் வண்டியோட்டி விழுவது நிச்சயம். இன்னும் தெற்கே, கார்ல்ரன் வீதிச் சந்தியிலிருந்து ஸ்ரீற்காரின் தண்டவாளம் செல்கிறது. அதன் இடுக்கில் ஒடுங்கிய சில்லு அகப்பட்டுவிடும். தண்டவாளத்தைக் குறுக்கறுப்பதாயின் நேர் குறுக்காகவே கடத்தல் வேண்டும். எனவே வெலஸ்லிச் சந்தியில் விளக்குப் பார்த்துக் கிழக்குப் புறம் கடந்து, நடைபாதையில் வண்டியை உருட்டிச் சென்று, தண்டவாளத்தை அடையும் முன்னரே வின்செஸ்ரர் வீதியிற் திரும்புவது என முடிவாயிற்று. ரொறன்ரோவில் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் நடைபாதையில் வண்டியோட்டுதல் ஆகாது, உருட்டிச் செல்லலாம்.

வின்செஸ்ரர் வீதி மரநிழல் மிக்கது. அதன் முடிவில் ஒருபுறம் 1850இல் தொடங்கப்பட்ட நெக்றோபோலிஸ் மயானம். இந்நகரின் முதல் மேயரான வில்லியம் லையன் மக்கென்சி அங்கே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். மறுபுறம் றிவர்டேல் பண்ணை. முன்னர் மிருகக்காட்சிச்சாலையாக இருந்த இவ்விடம் 1978 முதல் பண்ணையாக விளங்குகிறது. பசுவையும் ஆட்டையும் கண்ட பாட்டி ஒருவர் அப்பால் நகர மறுத்துவிட்டார்!

பண்ணையைக் கடந்து இறங்கினால் டொன் பள்ளத்தாக்கு. நடைபாலத்திலிருந்து ஆற்றோரப் பாதைக்கு இறங்கும் இடம் வரைபடத்தில் மெல்லிய கோடு. நேரிலோ அது படிக்கட்டு! சிறுவர் தனியே வண்டியை இறக்க இயலாது; ஒவ்வொருவருக்கும் பெரியவர் ஒருவர் தேவை. நடந்து வராவிடின் இதனை எங்ஙனம் அறிந்திருப்போம்?

அப்பள்ளத்தாக்கின் வடபால், ஆற்றுக்கு மிக உயரத்தில், 1918இல் திறக்கப்பட்ட இளவரசர் எட்வேர்ட் பாலம் நிற்கிறது. கொழும்பிற் பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி, அதனைக் கட்டிய குடியேறிய தொழிலாளரைத் தமது 1987ஆம் ஆண்டு நாவலிலே சித்திரித்துள்ளார். 1966 முதல் அதன் கீழ்த்தட்டிற் சுரங்க ரயில் ஓடுகிறது. "அப்ப நாங்கள் ஒவ்வொரு நாளும் இந்த ஆத்துக்கு மேலாலையோ போறனாங்கள்?" என வியந்தாள் ஒரு சிறுமி. பெரியவர்களுக்கும் அது புதுமையாகவே இருந்தது.

வீடு திரும்பியதும், பயணத்தை மறுத்த அதே தாயே ஒரு தாளில் வழியை வரைந்தார். இறங்கி உருட்டும் இடம், காத்திருக்கும் இடம், பெரியவர் உதவும் படிக்கட்டு யாவும் அதில் இருந்தன. ஒன்ராறியோச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டோருக்கு 1995 முதல் தலைக்கவசம் கட்டாயம். அவரோ வயது பாராது எல்லோருக்கும் கட்டாயமாக்கினார். மணியும், முன்னே வெள்ளை விளக்கும், பின்னே சிவப்பு விளக்கும் சரிபார்க்கப்பட்டன. இரு வாரங்களின் பின் பிள்ளைகள் ஏரியைக் கண்டு, பொழுது சாயுமுன் நலமே திரும்பினர்.

பெற்றோர்களே, பிள்ளைகளைப் பூட்டி வைப்பதால் அச்சம் தீர்வதில்லை. கண்மூடி அனுப்புதலும் அன்பாகாது. அவர்கள் செல்லும் வழியை அவர்களோடு நடந்து பாருங்கள். மாணவச் செல்வங்களே, அடுத்த கோடையில் உங்கள் வாசலிலிருந்து டொன் ஆறு வரை தாய் தந்தையரை அழைத்துச் செல்லுங்கள். தெருக்களின் பெயர்களை நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். வழியிற் காணும் மரத்துக்கும் பறவைக்கும் தமிழ்ப் பெயரை அவர்களிடம் கேளுங்கள்.