மொய் நோட்டும் டைரியும்

ஜூன் 12, 2025, வியாழன்

மேட்டூர் இன்று திறந்தாயிற்று. சொன்ன தேதிக்குத் தண்ணீர். டெல்டாக்காரனுக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது, அதை எழுதலாம் என்றுதான் டைரியை எடுத்தேன். புரட்டிப் பார்த்தால் ஏப்ரலோடு நிற்கிறது. ஏப்ரலிலும் உருப்படியாக ஒன்றுமில்லை: ‘மாலை தூறல். புழுக்கம் குறையவில்லை.’ பிப்ரவரியில் ஒரு பக்கம் முழுக்க நாட்டு நடப்பு பற்றி அபிப்பிராயம் சொல்லியிருக்கிறேன். அன்றைய பேப்பர் தலையங்கத்தை என் கையெழுத்தில் எழுதியது போல இருக்கிறது.

நேரமில்லை என்று சொல்ல முடியாது. ஓய்வு பெற்றவனுக்கு நேரம்தான் மிச்சம். பேனாவைத் திறந்தால் ‘எதற்கு?’ என்ற கேள்வி எனக்கு முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. அதை எழுப்பிவிட்டு எழுதத் தெரியவில்லை.

ஜூன் 14, சனி

வேலையில் இருந்தபோது இந்தக் கேள்வி வந்ததே இல்லை. மாசக் கடைசியில் டூர் டைரி கொடுக்க வேண்டும். தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நோக்கம். எண்பதுகளில் வேளாண்மைத் துறையில் பயிற்சி மற்றும் பார்வையிடல் திட்டம் நடந்தது. உலக வங்கிப் பணம். நாங்கள் ‘டி அண்ட் வி’ என்போம். எந்தக் கிழமை எந்தக் கிராமம் என்று முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே கிழமையில் அதே ஊருக்குப் போய் நிற்க வேண்டும். ஊருக்குச் சில தொடர்பு விவசாயிகள். அவர்களிடம் சொன்னால் அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள் என்பது ஏற்பாடு. நடந்ததா என்று கேட்டால், சில ஊரில் நடந்தது.

அந்த டைரியில் பொய் இல்லை, உயிரும் இல்லை. ‘குறுவை நாற்றங்கால் பார்வையிட்டு ஆலோசனை வழங்கப்பட்டது.’ வழங்கினேன் என்றுகூட எழுத மாட்டோம், வழங்கப்பட்டது. ஆனால் அதை வாசிக்க ஒரு ஆள் இருந்தார். வாசித்தாரோ இல்லையோ, கையெழுத்துப் போட்டார். கையெழுத்து விழாத டைரிக்குப் படி கிடையாது.

இப்போதைய டைரிக்குக் கையெழுத்துப் போட யாருமில்லை. என் பிரச்சினை இவ்வளவுதானோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஒரு ஆயுள் முழுக்க மேலதிகாரிக்கு எழுதிய கை, மேலதிகாரி இல்லாமல் மரத்துப்போய்விட்டதோ.

ஜூன் 21, சனி

மூன்றாவது வீட்டுத் தம்பி வந்தான். குத்தகைக்கு எடுத்துக் குறுவை போட்டிருக்கிறான். “மாமா, 2012ல டேம் எப்பத் தொறந்தான்? டீக்கடைல ஆகஸ்டுங்குறாங்க, செப்டம்பருங்குறாங்க. பந்தயமே கட்டியாச்சு.”

பரண்மேல் டிரங்குப் பெட்டி. இறக்கினால் எல்லாம் உரக்கம்பெனி டைரிகள். முன்பக்கம் ஏக்கர்–ஹெக்டேர் கணக்கு, யூரியா, டிஏபி அளவு அட்டவணை, நடுவில் நம் வாழ்க்கை. 2012 செப்டம்பர் 17, திங்கள்: ‘டேம் திறப்பு.’ பக்கத்தில், ‘குறுவை போச்சு.’ தம்பி ஜெயித்துவிட்டான்.

அவன் போன பிறகும் பெட்டியை மூடவில்லை. 2016 செப்டம்பர் 20. 2017 அக்டோபர் 2. காந்தி ஜயந்திக்குத் தண்ணீர் திறந்தால் சம்பாவுக்கே பட்டம் தவறுகிற கதைதான். 2020இல்தான் பல வருஷம் கழித்து ஜூன் 12. 2022இல் மே 24, யாரும் எதிர்பார்க்காத தேதி. இதெல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. வாசித்தால் அந்த வருஷத்து வயல் வாடை வருகிறது. ‘மனித வாழ்வின் நிலையாமை குறித்துச் சிந்தித்தேன்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. எந்த வருஷம் என்று சொல்ல மாட்டேன். என்ன சிந்தித்தேன் என்று அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. அடுத்த பக்கத்தில் ‘தக்காளி கிலோ 6 ரூபாய்’ என்று இருக்கிறது. அது பிழைத்துவிட்டது.

2018 நவம்பர் 16ஐ எடுத்துப் பார்த்தேன். கஜா புயல். வெறும் பக்கம். அடுத்த நாள் வெறும் பக்கம். அந்த மாசம் பூராவும் வெறும் பக்கம். விழுந்த தென்னையைக் கணக்கெடுத்துக்கொண்டு தோப்புத் தோப்பாகத் திரிந்த நாட்கள் அவை. எழுத இருந்ததிலேயே பெரிய விஷயம். ராத்திரி கரண்ட் இல்லை, கை அசதி, எழுதவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நூலகத்திலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு ஒரு தொகுதி கொண்டுவந்திருக்கிறேன். டைரி எழுதுகிற தமிழனெல்லாம் எப்போதாவது அந்த மனுஷன் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

சென்னைப் பெரம்பூரில் 1709இல் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்கும் கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கும் துபாஷ், மொழிபெயர்த்துப் பேசுகிற இடைத்தரகர். 1736 செப்டம்பர் 6இல் ஆரம்பித்து 1761 ஜனவரியில் சாகிற வரைக்கும் எழுதியிருக்கிறார். அவர் கண்ணை மூடிய சில நாளிலேயே புதுச்சேரி இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிற்று. அதற்கப்புறம் அந்த ஏடுகள் சும்மா கிடந்தன. 1846இல்தான் கலுவா-மோம்ப்ரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டன. ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள்: பார், இன்றைக்கு யாரும் படிக்காவிட்டால் என்ன, நூறு வருஷம் கழித்து ஒருவன் வருவான். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். அவர் வாசலுக்குக் கப்பல் வந்தது, கவர்னர் வந்தார், நவாபின் ஆள் வந்தான். என் வாசலுக்குப் பால்காரர் வருகிறார். நூறு வருஷம் கழித்து எவனாவது என் பெட்டியைத் திறந்தால் கரையான் மிச்சம் வைத்தது அவனுக்கு.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஆங்கிலப் பதிப்பில் முதல் தொகுதி கிட்டத்தட்டப் பத்து வருஷத்தைச் சுமக்கிறது, 1736இலிருந்து 1746 வரை. இரண்டாம் தொகுதிக்குள் அடங்கியது 1746 ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். அந்த வருஷம் பிப்ரவரியில் தலைமைத் துபாஷ் கனகராய முதலி இறந்துபோகிறார். அந்த இடம் யாருக்கு என்று ஊரே பேசுகிறது. செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடிக்கிறான். பிடித்த கோட்டையை என்ன செய்வது என்று அவனுக்கும் துய்ப்ளேக்ஸுக்கும் சண்டை. வியாபாரம், பதவி, உயிர் மூன்றும் ஆடுகிற நேரத்தில் இந்த மனுஷன் உட்கார்ந்து அதிகமாக எழுதியிருக்கிறார். புயல் வந்தபோது நான் விட்டேன், அவர் அப்போதுதான் பிடித்தார்.

ஏன் எழுதினார் என்பதற்கு என் ஊகம் ஒன்று. அவருடைய மாமா நைனியப்பிள்ளை கம்பெனித் தரகராக இருந்து, குற்றம் சாட்டப்பட்டு, சிறையிலேயே 1717இல் செத்தவர். குற்றமில்லை என்று பிற்பாடுதான் தீர்ந்தது. அப்படி ஒரு சாவைச் சந்தித்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, இன்ன தேதியில் இன்னார் இன்னது சொன்னார் என்பதன் விலை தெரிந்திருக்கும். நாளைக்கு எவனாவது கேட்டால் காட்ட வேண்டும். இலக்கியமாவது, வரலாறாவது. தலை தப்ப எழுதியது.

ஊகம்தான். ஆனால் கப்பல் வந்த நேரம், பீரங்கி போட்ட கணக்கு என்று அவர் விடாமல் குறிப்பதைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஜூன் 30, திங்கள்

மேட்டூர் நேற்று நிரம்பிவிட்டது, 120 அடி. ஜூன் மாசத்திலேயே! பாமணியாற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது.

சாமுவேல் பீப்ஸ் பற்றியும் கொஞ்சம். இங்கிலாந்துக் கடற்படை அலுவலகத்து ஆள். 1660இல் சுருக்கெழுத்தில் ஆரம்பித்து 1669 மே 31 அன்று நிறுத்திவிட்டார். கண் போய்விடும் என்று பயம். கண் போகவில்லை. அதற்குப் பிறகு 34 வருஷம் உயிரோடு இருந்தார், பெரிய பதவிக்குப் போனார். இடையில் டாஞ்சியருக்குப் போன சமயத்தில் ஒரு குறிப்பு எழுதினார், பழையபடி விடாமல் எழுதவில்லை. ஆக, நிறுத்துவது ஒன்றும் மானக்கேடு இல்லை. பத்து வருஷத்துக்கும் குறைவாக எழுதியே பேர் வாங்கியிருக்கிறார் மனுஷன்.

எனக்கும் வலது கண்ணில் புரை இருக்கிறது. காரணம் சொல்ல வசதி. ஆனால் பேப்பரை வரி விடாமல் படிக்கிற கண்ணுக்கு டைரியில் மட்டும் மங்குகிறது என்று சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து. வீட்டுக்காரியின் சித்தப்பா மகன் வைத்தது. ஆடி பிறந்தால் அந்தப் பக்கம் இதுதான் திருவிழா. கல்யாணமுமில்லை, காதுகுத்துமில்லை, மொய் வாங்குவதற்காகவே கறிச்சோறு போட்டு விருந்து. மேசை போட்டு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டு முறை வரும். வாங்கியதைத் திருப்பிப் போட்டு, மேலே கொஞ்சம் புதுமொய்யும் வைக்க வேண்டும். கஜாவுக்குப் பிறகு தென்னை போன குடும்பங்களில் கை இறுகிப்போயிற்று. இப்போது தேவலாம் என்றார்கள்.

கிளம்பும் முன் அவள் அலமாரியிலிருந்து மொய் நோட்டை எடுத்தாள். கல்யாணமான வருஷத்திலிருந்து விடாமல் இருக்கிறது. பிரித்தாள், பேரைப் பார்த்தாள், தொகையைச் சொன்னாள், மூடினாள். என் பெட்டி முழுக்க இருக்கிற டைரிகளில் எதையும் நான் அப்படிப் பிரித்ததில்லை.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், “இத்தனை வருஷமா எழுதுறியே, என்னைக்காச்சும் இனிமே எதுக்குன்னு தோணிருக்கா?”

“இதென்ன கேள்வி? வாங்குனதைத் திருப்பிச் செய்யணும்ல. எழுதலைன்னா நாளைக்கு எந்த மூஞ்சியோட அவங்க வாசல்ல போய் நிக்கிறது?” கொஞ்ச தூரம் போனதும், “ஆமா, உங்க டைரியில இருக்கிறதை நீங்க யாருக்குங்க திருப்பிச் செய்யணும்?” என்றாள். கிண்டலுக்குத்தான் கேட்டாள். நான் பட்டுக்கோட்டை வருகிறவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

காலையில் ஆற்றங்கரையில் கூட்டம். காதோலைக் கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு. தண்ணீர் இருக்கிற பதினெட்டு. படித்துறையில் பெண்கள் சிரித்துப் பேசுவதே வேறு மாதிரி இருந்தது. தண்ணீர் இல்லாத வருஷங்களில் குழாயடியில் கும்பிட்டுவிட்டு வருவார்கள்.

யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும்? இந்த ஒரு வாரமாக யோசித்ததில் முதலில் வந்த பேர், முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடையில் இருந்த ஒரு தொடர்பு விவசாயி. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலம். பயிற்சி வகுப்பில் எழுதிக் கொடுத்த தாளை அவர் முன்னால் ஒப்பித்தேன். இன்ன தேதிக்குள் நாற்று விட வேண்டும், இத்தனை நாள் நாற்றை நட வேண்டும். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “தம்பி, உள்ள வாங்க” என்று நெல் போட்டு வைக்கிற அறைக்குக் கூட்டிப்போனார். கதவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் காவிக்கட்டியால் எழுதியிருந்தது. இரண்டு இரண்டு தேதிகள், வருஷ வாரியாக. ஒன்று டேம் திறந்த தேதி, இன்னொன்று அவர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதி. மேலே இருந்தவை அவர் அப்பா எழுதியது, தமிழ் வருஷமும் தமிழ் மாசமும். கீழே இவர் எழுதியது, இங்கிலீஷ் மாசம்.

“ஒங்க தாளு மேட்டூருக்குச் சரி. இங்க வந்து சேர்ற கணக்கு இதுல இருக்கு” என்றார். அந்த இடைவெளி எந்த வருஷம் நீண்டது, ஏன் நீண்டது, எந்த மதகில் யார் அடைத்தார்கள், எந்த வருஷம் லஸ்கரிடம் போய்ச் சண்டை போட்டார், எல்லாம் அந்தச் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். குறுவை போடுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வது அங்கே நின்றுகொண்டுதான். பக்கத்து வயல்காரர்களும் அவரைப் பார்த்துத்தான் விதை ஊற வைப்பார்கள். அன்றைக்கு என் டூர் டைரியில் எழுதியது: ‘தொடர்பு விவசாயி சந்திக்கப்பட்டார். ஆலோசனை வழங்கப்பட்டது.’

அவர் போய்ப் பல வருஷமாகிறது. அந்த ஓட்டு வீடு கஜாவில் போயிற்று. இப்போது அதே மனையில் மகன் கட்டிய தளம் போட்ட வீடு. சுவரில் இருந்த தேதிகள் எதுவும் எனக்கு மனப்பாடமாக இல்லை. அவர் சொன்ன விதம்தான் இருக்கிறது.

என் பெட்டியில் இருப்பது ஓரளவு அந்தச் சுவரின் பிற்பகுதி. டேம் திறந்த தேதி எல்லா வருஷத்துக்கும் இருக்கிறது. கடைமடைக்கு வந்த தேதி நான் அந்தப் பக்கம் வேலை பார்த்த வருஷங்களுக்கு மட்டும். மத்தியானம் உட்கார்ந்து ஒரு முழுத் தாளில் பிரதி எடுக்க ஆரம்பித்தேன். இடையிடையே காலி இடம் விட்டிருக்கிறேன். மகன் நினைவிலிருந்து சொன்னால் நிரப்பலாம். நாளை மறுநாள் பஸ் ஏற வேண்டும். நேரில் போய்க் கொடுப்பதுதான் முறை.

சாயங்காலம் கடைத்தெருவில் ஸ்டேஷனரிக்காரர் கூப்பிட்டார். சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் போட்டுவிடுவார்கள், ஆர்டர் எடுக்கிறவர் இந்த வாரமே வருவாராம். “சாருக்கு வழக்கம் போலப் பெரிய டைரிதானே? ஒரு நாளைக்கு ஒரு பக்கம்?”

அது வேண்டாம், ஒரு பக்கத்துக்கு மூன்று தேதி வருகிற சின்னது ஒன்று சொல்லிவைக்கச் சொன்னேன். விலை குறைவு என்பதற்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பெரியதிலேயே தள்ளுபடி தருகிறேன் என்றார்.