கடலிலிருந்து மலைக்கு அவசரம் வேண்டாம்

சிங்களத்தில் ‘எல்ல’ என்றால் அருவி. ஊவா மாகாணத்திலே தேயிலைத் தோட்டங்கள் சூழ, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் அமைந்த எல்ல என்னும் சிற்றூருக்கு அணித்தாக, வெல்லவாய வீதியோரத்தில் இராவணன் பெயர் தாங்கிய அருவியொன்று வீழ்கிறது. சீதையைச் சிறைவைத்த குகையென ஒன்றையும் மலைச்சரிவிற் காட்டுவர்.

இராவணன் பெயர் திருகோணமலையிலும் உண்டு. கோணேசர் மலையின் பாறைப் பிளவை ‘இராவணன் வெட்டு’ என்பர். அம்மலையடிக் கடலில், 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கீசர் இடித்த கோயிலின் தூண்கள் கிடக்கின்றன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் முதுகிலே காற்றுக்கலம் தாங்கி அக்கடலிற் சுழியோடினர். வில்சன் அவ்விடிபாடுகளைக் கண்டார்.

இவ்விரண்டையும் ஒரே வார இறுதியிற் காண விழைந்த நம் யாழ்ப்பாணத்து மாணவர், “சேர், சனிக்கிழமை காலை திருகோணமலையில் சுழியோடிவிட்டு, இரவே எல்லவுக்கு ஏறிவிடலாந்தானே?” என்றனர். நாம் உடன்படவில்லை.

காரணம் இராவணன் அல்லன், நைதரசன். நீரில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடும். அவ்வமுக்கத்திற் சுவாசிக்கும்போது நைதரசன் வழமையிலும் மிகுதியாக இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. கரையேறிய பின் அது மெல்ல மெல்ல மூச்சுடன் வெளியேற வேண்டும். அதற்குள் மலையேறினாலோ, எல்லவில் வளியமுக்கம் கடற்கரையிலும் பத்திலொரு பங்கு குறைவு. சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததும் குமிழிகள் பொங்குவதை யார் கண்டதில்லை? உடலினுள் அவ்வாறு பொங்கினால் மூட்டுவலி முதல் முடக்குவாதம் வரை நேரலாம். மலைநாடுகளில் நீர் நிறைந்த கற்குழிகளிற் சுழியோடுவோரும் இக்காரணத்தாலேயே கடற்கரை அட்டவணையை அப்படியே கைக்கொள்வதில்லை.

ஒருமுறை சுழியோடினால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறையாயின் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏறலாம் என்பது சுழியோடிகளின் பொதுவிதி. 600 மீற்றருக்கு மேற்பட்ட மலைப்பயணத்துக்கும் அதனையே கொள்வது நலம். பேருந்து மலையேறுகையில் எவரும் இதனை நினைப்பதில்லை என்பதே நம் கவலை.

ஆகவே பயணத்தைத் தலைகீழாக்கினோம். சனிக்கிழமை காலை அருவியைக் கண்டோம். வழுக்குப் பாறையும் சுழலும் உள்ள மடுவில் எவரையும் இறங்கவிடவில்லை. இரவே திருகோணமலை சேர்ந்தோம். ஞாயிறன்று, பயிற்சி பெற்ற இருவர் மட்டும் வழிகாட்டியுடன் கடலில் இறங்கினர். அங்கிருந்து யாழ்ப்பாணம் வரை வழியில் மலையே இல்லை.