கண்ணதாசன் மூடாத பேனா

மெல்லிசைக் கச்சேரிகளில் பாட்டுக்குப் பாட்டு நடுவே பேசுவது என் தொழில். பாடகர் தொண்டையை நனைக்கவும் கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்குத் தயாராகவும் வேண்டிய நேரத்தில் கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டும். அதற்குப் 'பாட்டு பிறந்த கதை'யைப் போலக் கைகொடுக்கும் சரக்கு வேறில்லை. அந்தச் சரக்கில் நான் கலப்படம் செய்தேன். தெரிந்தே செய்தேன்.

'தில்லானா மோகனாம்பாள்' படத்து 'நலந்தானா' பாட்டுக்கு ஊரெல்லாம் சொல்லும் கதை ஒன்று உண்டு. அண்ணா அமெரிக்காவில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தாராம். 1961இல் தி.மு.க.வை விட்டு விலகியிருந்த கண்ணதாசன், பழைய தலைவரை நேரில் விசாரிக்கக் கூசி, பாட்டிலேயே விசாரித்துவிட்டாராம். சொல்லி முடிப்பதற்குள் கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

படம் வெளியானது 1968 ஜூலையில். நியூயார்க்கில் அண்ணாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது அதே ஆண்டு செப்டம்பரில். பாட்டு முந்தி, ஆஸ்பத்திரி பிந்தி. இது எனக்குத் தெரிந்த பிறகும் கதையைச் சொன்னேன். தேதிகளை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அதோடு விட்டேனா? "கடைசி வரியை எழுதியதும் கவிஞர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்" என்று ஒரு வரி சேர்த்தேன். முழுக்க என் கற்பனை. அவர் பெரும்பாலும் வாயால்தான் பாட்டைச் சொல்வார், பஞ்சு அருணாசலம் போன்ற உதவியாளர்கள் எழுதிக்கொள்வார்கள் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிற்பாடு வேறோர் ஊரில், வேறொரு தொகுப்பாளர் அதே பேனாவை அதே ஜன்னலோடு மேடையேற்றினார். அப்போது வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். வந்தது என்னவோ கோபம். என் சரக்கைச் சுட்டுவிட்டானே!

உண்மைக் கதையும் கையில் இல்லாமல் இல்லை. 'பாத காணிக்கை' படத்தின் 'வீடு வரை உறவு' பாட்டில் பட்டினத்தாரின் சாயல் இருக்கிறது. அதைச் சொன்னேன். பட்டினத்தார் என்றதும் பின்வரிசை டீ குடிக்க எழுந்து போயிற்று. அடுத்த கச்சேரியில் பட்டினத்தாரை வெட்டிவிட்டேன்.

'நலந்தானா'வுக்கு வெளியிலிருந்து கதை எதுவும் தேவையே இல்லை. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். கத்தி பட்டுத் தேறி மறுபடி நாதஸ்வரத்தைக் கையில் எடுக்கும் சண்முகசுந்தரத்திடம், சபை நடுவே வாய்விட்டுக் கேட்க முடியாத மோகனா ஆடியே கேட்கிறாள். அவன் வாசித்தே பதில் சொல்கிறான். அந்தக் கட்டத்துக்காகப் பிறந்த பாட்டு அது. கே.வி. மகாதேவனின் மெட்டு, சுசீலாவின் குரல், எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் என்று அத்தனை பேர் உழைப்பையும் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பின்னால் தள்ளி மறைத்தேன். கவிஞருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைப்பு வேறு. கதைக்குள் நின்று எழுதிய அவருடைய திறமையையும் சேர்த்தல்லவா மறைத்திருக்கிறேன்!

பேனா, ஜன்னல் என்று எந்த மேடையிலாவது யாராவது ஆரம்பித்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். அது நான் விட்ட சரடு.