கடையில் ஓடும், வீட்டில் ஓடாது

கட்டடங்களைக் கணினியில் முப்பரிமாணமாக வரைந்து கொடுப்பது என் வேலை. எட்டு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் செய்த வேலையைச் சென்ற ஆண்டு இறுதியில் தனியாகச் செய்யத் தொடங்கினேன். வேலையை விடும்போது சம்பளம், வாடகை, கார் தவணை எல்லாவற்றையும் கணக்குப் போட்டேன். அலுவலகத்தில் என் மேசையில் இருந்த கணினி என்னுடையதல்ல என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

வீட்டிலிருந்த சாதாரண மடிக்கணினியில் ரெவிட் மென்பொருளைத் திறந்தேன். இரண்டு மாடி வீட்டின் வரைபடத்துக்கே மூச்சு வாங்கியது. எனக்குக் கிடைத்திருந்த முதல் வேலையோ பதினான்கு மாடிக் கட்டடம்.

இத்தகைய வேலைக்கென்றே 'மொபைல் வர்க்ஸ்டேஷன்' என்ற வகை மடிக்கணினிகள் இருக்கின்றன. திங்க்பேட் பி வரிசை, ஸெட்புக், பிரிசிஷன் எல்லாம் இந்த வகைதான். விளையாட்டுக் கணினிகளும் வேகமானவைதாம். ஆனால் வர்க்ஸ்டேஷனில் இருக்கும் கிராஃபிக்ஸ் அட்டையை வரைகலை மென்பொருள் நிறுவனங்களே சோதித்துச் சான்று கொடுத்திருக்கும். பெட்டியைத் திறந்து நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும்படி செய்திருப்பார்கள். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். லோ யாட் பிளாசாவில் ஒரு சனிக்கிழமை முழுக்க ஏறி இறங்கினேன். எனக்குத் தேவையான புதிய கணினி எதுவும் 12,000 ரிங்கிட்டுக்குக் கீழே இல்லை.

என் கையிருப்பு, ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்தது, எல்லாம் சேர்த்து 6,500 ரிங்கிட். ஆகவே, நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த கணினிகளை விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். மூன்று வயதான ஒரு வர்க்ஸ்டேஷனை 5,800 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். மூன்று மாத உத்தரவாதம்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஓடக்கூடியதா என்று முதலில் பார்த்தேன். நினைவகம் 32 ஜிகாபைட் இருந்தது. இன்னும் இரண்டு இடம் காலியாக இருந்தது. ரெவிட்டில் வரையும்போது பெரும்பாலான வேலை செயலியின் ஒரே ஒரு கோரில்தான் நடக்கும். அதனால் எத்தனை கோர் என்பதைவிட, ஒரு கோரின் வேகம் எவ்வளவு என்பதைப் பார்த்தேன். பிழை திருத்தும் ஈசிசி நினைவகத்துக்குக் கூடுதலாகப் பணம் கேட்டார்கள். என் வேலைக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு பார்த்தவள், அதோடு வந்த செங்கல் போன்ற சார்ஜரை மட்டும் ஒரு பொருளாக மதிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு கிலோ எடை. பைக்குள்ளேயே போட்டு வைத்துவிட்டேன். வீட்டில் யுஎஸ்பி-சி வசதியுள்ள புதிய திரை இருந்தது. ஒரே கம்பியைச் செருகினால் படமும் தெரியும், சார்ஜும் ஏறும். மேசை சுத்தமாக இருந்தது.

முதல் வாரத்திலேயே தொல்லை தொடங்கியது. காலையில் நன்றாக ஓடும். ஒரு மணி நேரம் கழித்துத் தவழ ஆரம்பிக்கும். ஒரு சுவரை நகர்த்தினால் அரை நிமிடம் கழித்துத்தான் நகரும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், நான்கு கிகாஹெர்ட்ஸ் அருகே ஓட வேண்டிய செயலி ஒன்றைக்கூட எட்டவில்லை.

சூடாகிறதோ என்று மின்விசிறியைச் சுத்தம் செய்தேன். கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து விண்டோஸையே அழித்துப் புதிதாக ஏற்றினேன். எதுவும் பலிக்கவில்லை. கடைக்குக் கொண்டு போனேன். அங்கே இரண்டு மணி நேரம் ஓடவிட்டார்கள். குதிரை மாதிரி ஓடியது. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் தவழல். இரண்டாவது முறையும் அதே கதை. மூன்றாவது முறை போனபோது, அங்கிருந்த தம்பி சலிப்போடு, "அக்கா, மதர்போர்ட் மாத்திப் பார்க்கலாம். உத்தரவாதத்துல அது வராது. 2,400 வெள்ளி ஆகும்," என்றார்.

வரைபடத்தை ஒப்படைக்க ஆறு நாள்தான் இருந்தது. அன்றிரவு என் பழைய மேலாளருக்கு, மறுபடியும் வேலைக்கு வரலாமா என்று கேட்டு ஒரு செய்தி எழுதினேன். அனுப்பவில்லை. ஆனால் அழிக்கவுமில்லை.

மறுநாள் அப்பா வந்திருந்தார். முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். கணினியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"கடையில ஓடுது, இங்க ஓடலைன்னா, அங்க இருக்கிறது எது இங்க இல்ல?"

"ஒண்ணும் இல்லப்பா. அதே கணினி, அதே மென்பொருள்."

"சும்மா நிக்கும்போதும் திணறுதா, சுமை ஏத்தினா மட்டுமா?"

"சுமை ஏத்தினாத்தான்."

"காராக் ஏத்தத்துல லோரி இழுக்கலைன்னா எடுத்த எடுப்புல எஞ்சினப் பிரிக்க மாட்டோம்மா. டீசல் ஒழுங்கா வருதான்னுதான் முதல்ல பார்ப்போம்."

எனக்குச் சட்டென்று பைக்குள் கிடந்த சார்ஜர் நினைவுக்கு வந்தது. கடைக்குப் போன மூன்று முறையும் அந்தப் பையைத்தான் தூக்கிப் போனேன். அங்கே அந்தச் சார்ஜரைச் செருகித்தான் ஓடவிட்டார்கள். எடுத்துப் பார்த்தேன்: 230 வாட். என் திரை கொடுப்பதோ 90 வாட். பற்றாக்குறையை முதல் ஒரு மணி நேரம் பேட்டரி ஈடுகட்டியிருக்கிறது. பேட்டரி இறங்கியதும், கிடைக்கிற மின்சாரத்துக்குள் பிழைக்க வேண்டி, கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. கம்பி செருகியிருக்கும்போதே பேட்டரி அளவு குறைந்ததை நானும் பார்த்திருந்தேன். பழைய பேட்டரிதானே என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முதல் நாளே திரையின் ஓரத்தில் 'மெதுவான சார்ஜர்' என்று ஓர் எச்சரிக்கை வந்தது. இனிமேல் காட்டாதே என்று அழுத்தியவள் நான்தான்.

சார்ஜரைச் செருகினேன். மாலை வரை ஒரு முறைகூடத் தவழவில்லை. பதினான்கு மாடியும் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. மேலாளருக்கு எழுதி வைத்திருந்த செய்தியை அன்றைக்குத்தான் அழித்தேன்.

யுஎஸ்பி-சி வழியாக 2021-க்கு முன்பு அதிகபட்சம் 100 வாட்தான் அனுப்ப முடியும். அந்த ஆண்டு வந்த புதிய தரநிலை அதை 240 வாட்டாக உயர்த்தியது. ஆனால் கணினி, சார்ஜர், கம்பி மூன்றும் அதை ஏற்க வேண்டும். துளையில் பொருந்துகிறது என்பதாலேயே போதுமான மின்சாரம் வருகிறது என்று ஆகிவிடாது. பழைய வர்க்ஸ்டேஷன் வாங்குகிறவர்கள், அசல் சார்ஜரும் சேர்த்துத் தருகிறார்களா, அதில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பழுது என்று கடைக்குப் போனால், வீட்டில் செருகுகிற அதே கம்பியையும் சார்ஜரையும் கொண்டு போங்கள். நான் அப்படிச் செய்திருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இப்போது என் மேசையில் இரண்டு கம்பிகள் ஓடுகின்றன. பார்க்க அழகாக இல்லை. அப்பா வரும்போதெல்லாம் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "டீசல் வருதா?" என்று கேட்கிறார்.