கிர்காம் மொட்டை மாடி

மும்பைக்குப் போகிறவர்கள் மெரீன் டிரைவோடு திரும்பிவிடுகிறார்கள். சற்று உள்ளே தள்ளிக் கிர்காம் பேட்டைக்கும் போய் வரவேண்டும். 1959-ல் அங்கே ஒரு மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத்! இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சகோதரிகள். அதிகாலையில் கிளைக்கு வந்து, பிசைந்த மாவை வாங்கிப் போய், வீட்டில் இட்டு உலர்த்தி, மறுநாள் கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். அடுப்பும் தொட்டிலும் கண்ணெதிரே, சௌகரியந்தான். ஆனால் ஒண்டுக் குடித்தன அறையில் அப்பளம் எங்கே உலரும்? பாட்டி எங்கே காலை நீட்டுவாள்? இடமில்லாதவர்களுக்குக் கிளையிலேயே மாவு பிசையவும் பொட்டலம் கட்டவும் வேலை உண்டு. எனக்கென்னவோ இவர்கள்தாம் அதிர்ஷ்டசாலிகள் என்று படுகிறது. நாலு பேரோடு பேசிக்கொண்டே வேலை. வீடு திரும்பினால் கையில் மாவு இல்லை!