மூடி திறந்தால் போதுமா?

குளிர்பானம் குடிப்பதைவிட, அந்தக் கம்பெனிகளின் கதையைக் கேட்பதில் எனக்கு ருசி அதிகம். மெகா சீரியல் தோற்றது, போங்கள்!

1977-ல் ஜனதா அரசு கோகோ-கோலாவிடம், ‘வெளிநாட்டுப் பங்கைக் குறையுங்க, ஃபார்முலாவையும் கொடுங்க’ என்றது. ‘ஃபார்முலாவா? மூச்!’ என்று கம்பெனி மூட்டை கட்டியது. அரசே ‘77’ என்று ஒரு பானத்தை இறக்கிப் பார்த்தது. நிலைக்கவில்லை. காலியான இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்தது பார்லேயின் தம்ஸ் அப்.

1993-ல் திரும்பி வந்த கோக், தம்ஸ் அப்பையே விலைக்கு வாங்கியது. அதை ஓரங்கட்டினால் ஜனங்கள் தானாகக் கோக்குக்கு மாறுவார்கள் என்று கணக்கு. நம்ம ஆளோ கடைக்குப் போய், ‘தம்ஸ் அப் இருக்கா?’ என்றுதான் கேட்டான். இப்படியே போனால் பெப்ஸிக்குத்தான் கொண்டாட்டம் என்று புரிந்ததும், வீறாப்பை விட்டுவிட்டுத் தம்ஸ் அப்பைத் தூக்கி நிறுத்தினார்கள். 2021-ல் அதன் விற்பனை நூறு கோடி டாலரைத் தொட்டது!

அமெரிக்காவிலும் இதே கூத்து. 1985 ஏப்ரலில், ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிவிட்டு, கோக்கின் சுவையையே மாற்றினார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். 79 நாளில் பழைய கோக்கைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்துவிட்டார்கள்.

மாறுவது பெரிய விஷயமில்லை சார். மாறியது தப்பு என்றால் சட்டென்று திரும்புகிறானே, அவன்தான் பிழைக்கிறான்.

‘அவங்க கோடீஸ்வரங்க, திரும்பலாம்’ என்பீர்கள். 1916-ல் ஆரம்பித்த நம்ம ஊர் காளிமார்க், பொவண்டோவைப் பிளாஸ்டிக் பாட்டிலிலும் அடைத்து விற்கவில்லையா?

நான் கணக்கு எழுதிய கலர் கம்பெனி அதைச் செய்யவில்லை. ‘காலி பாட்டிலைத் திருப்பித் தர்ற தொல்லையே வேணாம், பிளாஸ்டிக்ல கொடுங்க’ என்று கடைக்காரர்கள் கெஞ்சினார்கள். ‘கண்ணாடி பாட்டில்தான் நமக்குக் கௌரவம்’ என்றார் முதலாளி. சரக்கு கடைசிவரை அருமையாகத்தான் இருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. கம்பெனியை மூடிய அன்று, பாட்டில் கழுவுகிற அம்மா ஒருத்தர் என்னிடம் கேட்டார்: ‘ஏன் சார், பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் நான்தானே சார் மூடி போட்டிருப்பேன்?’

முதலாளியின் கௌரவத்துக்கு விலை கொடுத்தது அந்த அம்மா. எந்தப் பேரேட்டில் எழுதுவது இதை?